வெறும் வயிற்றுக்குக் கொடுத்த தேத்தண்ணி

தம்பி,

இங்கே எல்லோரும் சுகம் என்று தொடங்கித்தான் எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கம். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் இருந்த காலத்தில் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் பாதிப் பேருக்கு நான்தான் கடிதம் எழுதிக் கொடுப்பேன். மழையில் வீட்டுச் சுவர் இடிந்து நின்றவன்கூட முதல் வரியில் சுகம் என்றே போடச் சொல்வான். இன்றைக்கு அந்த வரியை எழுதக் கை வரவில்லை. உன் அம்மா சுகமாக இல்லை. இந்த ஐந்து வருஷமாக அவள் பட்ட பாட்டில் பாதி நோயினால் வந்தது, மீதி என்னால் வந்தது. நீ வெள்ளிக்கிழமை மலையேறிப் போளூருக்கு வந்து சேருமுன் இதை உனக்குச் சொல்லிவிட வேண்டும். நேரில் சொல்லலாமே என்பாய். உன் முகத்தைப் பார்த்தால் எனக்கு வாய் வராது, வேறு பேச்சுக்குப் போய்விடுவேன். அந்த வித்தையில் நான் கெட்டிக்காரன் என்பது உனக்கே தெரியும்.

சனிக்கிழமை நீ அவளை மதராஸுக்குக் கூட்டிப் போகிறாய். திங்கட்கிழமை காலை அவளுக்கு அந்த வயிற்றுப் படம் எடுக்க வேண்டும். சாப்பாட்டில் ஒரு துளி மருந்தைக் கலந்து கொடுத்து, அது வயிற்றிலிருந்து எவ்வளவு நேரத்தில் கீழே இறங்குகிறது என்று பெரிய கேமராவில் பார்க்கிற சோதனை. ஐந்து வருஷத்துக்கு முன்னால் எடுத்தோமே, அதே சோதனைதான். அப்போது நீ மதுரையில் ஹாஸ்டலில் இருந்தாய். இந்த முறை நானே போயிருப்பேன். நெஞ்சு இளைப்பு வந்ததிலிருந்து மலை இறங்கி ஏறுவது ஆகாது என்று சொல்லிவிட்டார்கள். ஒருமுறை எடுத்து நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்ட படத்தை மறுபடி எதற்கு எடுக்க வேண்டும் என்று போன கடிதத்தில் கேட்டிருந்தாய். நியாயமான கேள்விதான். அதற்குத்தான் இந்தப் பதில்.

அப்போது அவளுக்கு எப்படி இருந்தது என்பது உனக்குப் பாதிதான் தெரியும். காலையில் இரண்டு வாய் சோறு தின்பாள். பொழுதுக்கும் வயிறு கல்லாய்க் கிடக்கும். சாயங்காலம் பூண்டுக் காட்டு வரப்பில் குனிந்து வாந்தி எடுப்பாள், காலையில் தின்ற சோறு சோறாகவே வெளியே வரும். வளையல் முழங்கை வரைக்கும் ஏறிவிட்டது. வத்தலக்குண்டு டாக்டர் ஒரு வெள்ளை மாத்திரை கொடுத்தார். அதைப் போட்டால் அன்றைக்கு மட்டும் கொஞ்சம் இறங்கும். பிறகு அவரேதான் மதராஸ் ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதினார். எழுதும்போது விரலை மடக்கி மடக்கிச் சொன்னார்: "மூணு நாளைக்கு முன்னாடியே இந்த மாத்திரைய நிறுத்திடணும். இது வயித்தப் புடிச்சுத் தள்ளுற மாத்திரை. இதப் போட்டுட்டுப் போனா மிஷினுக்கு உண்மை தெரியாது. அன்னிக்குக் காலைல வெறும் வயித்தோட போகணும். வெத்தல பொகையிலகூட ஆகாது."

உன் அம்மா அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். இருபது வருஷமாக வாயில் அடக்கிய புகையிலையைத் தூக்கி ஓடையில் எறிந்தாள். மாத்திரை அட்டையை என்னிடம் கொடுத்து, "இது உங்க பையிலயே கெடக்கட்டும், எங்கிட்ட இருந்தா ஆசை வரும்" என்றாள். அந்த மூன்று நாளும் அவள் பட்டதைப் பார்க்க முடியவில்லை. கொடைக்கானலிலிருந்து பஸ் இறங்கும்போது ஒவ்வொரு வளைவிலும் வாந்தி எடுத்தாள். பக்கத்தில் இருந்தவன் கால்மேல் தெறித்துவிட்டது. "வாந்திக்காரிய எதுக்குய்யா பஸ்ஸுல ஏத்துனீக?" என்று அவன் சத்தம் போட்டான். எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. அவளுக்காகக் கூசவில்லை தம்பி, எனக்காகக் கூசினேன். எழுதுவதென்று உட்கார்ந்தபின் அதையும் எழுதிவிடுகிறேன்.

சோதனை அன்று விடியற்காலை எழும்பூரில் ஒரு லாட்ஜ் அறையில் இருந்தோம். அவள் தலை சீவிக்கொண்டிருந்தாள், நடுநடுவே ஓங்கரித்துக்கொண்டிருந்தாள். எனக்கு ஒரே கவலைதான் மண்டையைக் குடைந்தது. அங்கே கொடுக்கிற சாப்பாட்டை இவள் வாந்தி எடுத்துவிட்டால்? எடுத்தால் சோதனை செல்லாது, மறுபடி தேதி வாங்க மாசக்கணக்கில் ஆகும் என்று முதல்நாளே ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். திரும்ப இவ்வளவு தூரம் வருவதா, திரும்ப அந்தப் பஸ்ஸா என்று நினைத்தேன். கீழே கடையில் போய் ஒரு டம்ளர் பிளேன்டீ வாங்கினேன்.

நம் ஆட்களுக்கு வெறும் வயிறு என்றால் என்னவென்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தோட்டத்தில் விடிவதற்கு முன்பே தப்புப் பறை அடிப்பார்கள். வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்துக்கு எல்லோரும் ஓட வேண்டும். அந்தக் குளிரில் ஒரு கோப்பை சாயத்தண்ணி குடித்து, ஒரு கடி கருப்பட்டியை வாயில் போட்டுக்கொண்டுதான் ஓடுவோம். பகல்வரைக்கும் அதுதான். யாராவது கேட்டால் "ஒன்னும் திங்கல, தேத்தண்ணி மட்டுந்தான்" என்போம். அது சாப்பாட்டோடு சேர்த்தியே இல்லை. செத்த வீட்டிலும் விரதத்திலும்கூட அதற்குத் தடை கிடையாது. கப்பலேறி வந்து மண்டபம் அகதி முகாமில் சேர்ந்த அன்று சோறு வர நேரமாகிவிட்டது. உன் அம்மா மூன்று கல்லைக் கூட்டி முதலில் வைத்தது தேத்தண்ணிதான். அதனால் அவளுக்குத் தேத்தண்ணி கொடுத்ததை நான் தப்பென்றே நினைக்கவில்லை. அது அறியாமை, அதை மன்னித்துவிடலாம். ஆனால் படியேறும்போது நின்று, பையிலிருந்த வெள்ளை மாத்திரை இரண்டை எடுத்து, நகத்தால் பொடித்து அதில் கரைத்தேன். அது அறியாமை இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். நான் தேத்தண்ணியில் மறைத்தேன்.

அவள் ஒரு வாய் குடித்தாள். என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு மிச்சத்தையும் குடித்துவிட்டு டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது என்றுதான் நினைத்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸம்மா நோட்டை வைத்துக்கொண்டு உன் அம்மாவைப் பார்த்துத்தான் கேட்டார். "காலைல ஏதாவது சாப்பிட்டீங்களாம்மா?" அவள் வாய் திறக்குமுன் நான், "இல்லைங்க, வெறும் வயிறுதான்" என்றேன். "மாத்திரை ஏதாவது?" "மூணு நாளா நிறுத்தியாச்சுங்க." நர்ஸம்மா எழுதிக்கொண்டார். உன் அம்மா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளிடம் யார் என்ன கேட்டாலும் நான் பதில் சொல்வது எங்கள் வீட்டு வழக்கம். ரேஷன் கடையிலும் அப்படித்தான், கோயிலில் பெயர் நட்சத்திரம் கேட்டாலும் அப்படித்தான். அது அன்பு என்று நினைத்திருந்தேன்.

இட்லி கொடுத்தார்கள். பத்து நிமிஷத்துக்குள் தின்று முடிக்கச் சொன்னார்கள். பிறகு ஒரு பெரிய மிஷினுக்கு முன்னால் நிறுத்திப் படம் பிடித்தார்கள். வெளியே உட்கார வைத்து, மணிக்கொரு தடவை கூப்பிட்டு மறுபடி பிடித்தார்கள். ஒரு தடவை வெளியே வந்தவள், "என் வயித்துக்குள்ள லைட்டு எரியுதாங்க?" என்று கேட்டாள். நான் சிரித்தேன். அன்றைக்கு முழுவதும் அவள் ஒருமுறைகூட வாந்தி எடுக்கவில்லை. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். சாயங்காலம் பெரிய டாக்டர் கூப்பிட்டார். "சாப்பாடு சரியான நேரத்துல இறங்கியிருக்கு. வயித்துல கோளாறு இல்லை. சில பேருக்கு இது மனசு சம்பந்தப்பட்டதா இருக்கும். வீட்டுல யாரும் பெரிசு பண்ணாதீங்க, தானா சரியாயிடும்" என்றார். அவர்மேல் ஒரு குற்றமும் இல்லை. அவர் மிஷினை நம்பினார், மிஷின் நான் கரைத்த மாத்திரையை நம்பியது.

அந்த நிமிஷமே சொல்லியிருக்கலாம். சார், காலையில் ரெண்டு மாத்திரை கொடுத்துட்டேன் என்று ஒரு வரி. அந்த வரி தொண்டைவரைக்கும் வந்தது. இத்தனை பேருக்கு முன்னால் என்னைப் பொய்யன் என்பார்களே என்று விழுங்கிவிட்டேன். அவள் வயிற்றில் இறங்காத சோறுபோல அது ஐந்து வருஷம் எனக்குள்ளே கிடந்தது.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் உனக்கும் தெரியும். வத்தலக்குண்டு டாக்டர் அந்த ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு மாத்திரையையும் நிறுத்திவிட்டார். உன் அத்தை, என் அக்கா, ஊர் முழுக்கச் சொல்லி வைத்தாள்: "மிஷினே பாத்துச் சொல்லிருச்சு. காட்டு வேலைக்குப் போகாம இருக்க நடிக்கிறா." யாருக்கும் பதில் சொல்லாமல் உன் அம்மா வேலைக்குப் போனாள். உருளைக்கிழங்கு மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு வரும் வழியில் இறக்கி வைத்துவிட்டு வாந்தி எடுத்துவிட்டு, மறுபடி தூக்கிக்கொண்டு வருவாள். நீயும் ஒரு பொங்கலன்று, இலையைவிட்டு அவள் எழுந்து ஓடியபோது, "டாக்டரே ஒன்னுமில்லன்னுட்டாரு, இன்னிக்காவது சும்மா இரும்மா" என்றாய். உன்னைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. உனக்குத் தெரிந்ததை வைத்து நீ பேசினாய். தெரிந்த நான் பக்கத்து இலையில் உட்கார்ந்து பாயசம் குடித்துக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து அவள் நம்மோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை, நீ கவனித்தாயோ இல்லையோ. எல்லோரும் தின்று முடித்தபின் கொல்லைப்பக்கம் தட்டோடு போய்விடுவாள். தன் வினை தன்னைச் சுடும் என்பார்கள். என் வினை அவளைச் சுட்டது, அதுதான் பெரிய அநியாயம்.

போன மாதம் உன் கல்யாணப் பேச்சு முடிந்து பெண் வீட்டார் போனபின் என்னிடம் சொன்னாள்: "வைகாசில கல்யாணத்தன்னிக்குப் பந்தில நான் ஒக்காரல. சம்பந்தி முன்னால எந்திரிச்சு ஓடுனா நல்லாவா இருக்கு? எனக்குப் பின்கட்டுல சோலி கெடக்குன்னு சொல்லிருங்க." பெற்ற பிள்ளையின் கல்யாணத்தில் எதைச் சொல்லி ஒளிந்துகொள்வது என்று அவள் யோசித்து வைத்திருந்தாள். என்னால் தாங்க முடியவில்லை. மறுநாளே கொடைக்கானலில் புதிதாக வந்திருக்கும் டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனேன். அவர் பழைய ரிப்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உன் அம்மாவின் வயிற்றில் கை வைத்துப் பார்த்தார். "இந்தப் படம் எடுத்தப்போ அந்த வாந்தி மாத்திரைய நிறுத்தியிருந்தீங்களா?" என்று கேட்டார். உன் அம்மா என்னைப் பார்த்தாள். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். "நிறுத்துனோம்மா" என்று அவளே சொன்னாள்.

ஒரு வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. பிறகு காரட் ஏற்றிப்போன லாரியில் தனியாக ஏறிக் கொடைக்கானலுக்குப் போய், டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். திட்டுவார் என்று நின்றேன். அவர் திட்டவில்லை. "அப்போ அந்த ரிப்போர்ட்டுக்கு அர்த்தமே இல்லைங்க ஐயா. திரும்ப எடுக்கணும்" என்று சீட்டு எழுதினார். கொடுக்கும்போது, "இத அவங்ககிட்டயும் சொல்லிடுங்க" என்றார். பொய்யை அத்தனை வெரசாச் சொன்ன வாய்க்கு உண்மையைச் சொல்ல இன்னும் பத்து நாள் ஆயிற்று.

நேற்றுக் காலையில் சொன்னேன். அவள் பீன்ஸ் ஆய்ந்துகொண்டிருந்தாள். எழும்பூர் லாட்ஜ், தேத்தண்ணி, மாத்திரை என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவள் கை நிற்கவே இல்லை. முடித்தபின், "அது எனக்குத் தெரியுமே" என்றாள்.

"தெரியுமா?"

"தேத்தண்ணி கசந்துச்சே. வருசக்கணக்கா அந்த மாத்திரையத் தின்னவளுக்கு அந்தக் கசப்புத் தெரியாதாக்கும்."

"அப்ப ஏன் புள்ள அங்க சொல்லல?"

"நீங்க இல்லைன்னு சொல்லிட்டீகளே. அதுக்கப்புறம் நான் ஆமான்னு சொன்னா, அம்புட்டுப் பேரு முன்னால நீங்க என்னவா நிப்பீக?"

என்மேல் கோபப்பட்டாள் என்றும் எழுத முடியவில்லை, மன்னித்தாள் என்றும் எழுத முடியவில்லை. பீன்ஸை அள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் முற்றத்தில் உட்கார்ந்து அழுதேன் தம்பி. ஐந்து வருஷம் நடிக்கிறாள், நடிக்கிறாள் என்று ஊர் சொன்னதே, அது ஒருவகையில் உண்மைதான். எனக்காக நடித்திருக்கிறாள்.

இனி நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன், கவனமாகக் கேள். டாக்டரம்மா மறுபடி ஆரம்பித்துக் கொடுத்த வாந்தி மாத்திரை வெள்ளிக்கிழமை காலையோடு நிறுத்தம். வயிற்று வலிக்கு ஒரு மாத்திரை போடுகிறாள், அதையும் நிறுத்தச் சொல்லியிருக்கிறார். இரண்டையும் இங்கேயே பூட்டி வைத்துவிடுகிறேன். பெயர் எழுதிய சீட்டை மட்டும் உன்னிடம் தருகிறேன், அதை அவர்களிடம் காட்டு. பழைய ரிப்போர்ட்டும் பையில் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை ராத்திரிச் சாப்பாட்டை வெள்ளனே கொடுத்துவிடு. அதற்குப் பிறகு திங்கட்கிழமை அவர்கள் கொடுக்கும்வரை ஒன்றும் கிடையாது. ஒன்றும் என்றால் ஒன்றும்தான். தேத்தண்ணியும் அதில் சேர்த்தி, ஒரு மிடறுகூட ஆகாது. புகையிலை அவள் அன்றைக்கு எறிந்ததோடு சரி, மறுபடி தொடவில்லை. ஊக்கு, இடுப்புச் சாவிக்கொத்து எல்லாவற்றையும் கழற்றி வைக்கச் சொல். மொத்தம் நாலைந்து மணி நேரம் ஆகும், உட்கார்ந்திருக்கும்போது குளிரும், அந்தப் பச்சைச் சால்வையை எடுத்துக்கொள். பயப்பட ஒன்றுமில்லை, ஊசி கிடையாது, வலிக்காது. வயிற்றுக்குள் போகிற மருந்து கொஞ்சம்தான், தானாகப் போய்விடும். எல்லாம் முடிந்தபின் அவளுக்கு ஒரு டம்ளர் பிளேன்டீ வாங்கிக் கொடு. அதில் சீனியைத் தவிர வேறெதையும் கலக்காதே.

வழியில் வாந்தி எடுப்பாள். கொண்டை ஊசி வளைவில் கட்டாயம் எடுப்பாள். பையைப் பிடி, முதுகைத் தடவு, பக்கத்தில் இருப்பவன் முறைத்தால் திருப்பி முறை. நான் செய்யாததை நீ செய். பொங்கலன்று நீ சொன்னதற்கு அவளிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று உனக்குத் தோன்றினால் ரயிலில் சொல். தோன்றாவிட்டால் நான் வற்புறுத்த மாட்டேன். உன் அத்தையிடம் நானே போய்ச் சொல்லிவிடுகிறேன், அது என் பாடு.

படத்தில் என்ன தெரியும் என்று எனக்குத் தெரியாது. வயிறு வேலை செய்யவில்லை என்று தெரிந்தால் அதற்கு வைத்தியம் இருக்கிறது என்கிறார் டாக்டரம்மா. சாப்பாட்டைப் பிரித்துப் பிரித்துக் கொடுக்கலாம், மருந்தை அளவாகக் கொடுக்கலாம், வைகாசிக்குள் ஓரளவு தேறிவிடுவாள் என்கிறார். தன் மனைவியின் வயிறு கெட்டிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிற புருஷனை நீ பார்த்திருக்க மாட்டாய். நான் பழனி மலை இருக்கும் திசையைப் பார்த்துத் தினமும் அதைத்தான் வேண்டுகிறேன். கெட்டிருக்கிறது என்று அந்த மிஷின் சொல்லட்டும். அவள் பொய் சொல்லவில்லை என்று சொல்லட்டும்.

நீயும் ஒருத்தியைக் கைப்பிடிக்கப் போகிறவன். கல்யாணத்துக்கு அப்பன் சொல்லும் புத்திமதி என்று ஊரில் ஒவ்வொருவனும் ஒரு மூட்டை வைத்திருப்பான். என்னிடம் இருப்பது ஒன்றே ஒன்றுதான், அதையும் நேற்றுத்தான் கற்றேன். திங்கட்கிழமை காலை அந்த நர்ஸம்மாவோ வேறு ஒருவரோ நோட்டை எடுத்துக்கொண்டு வருவார். காலையில் ஏதாவது சாப்பிட்டீர்களா, மாத்திரை ஏதாவது போட்டீர்களா என்று கேட்பார். உனக்குப் பதில் தெரிந்திருக்கும். வாய் துறுதுறுக்கும், என் மகன் அல்லவா. வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் நில். எவ்வளவு நேரம் ஆனாலும் சரி, அவளே சொல்லட்டும்.

அப்பா